வாழ்த்துப் படிக்காத பூசை

சந்நிதி முருகன் அறிய, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் நம்பவேண்டுமே என்று சில இடங்களில் குறைத்திருக்கிறேன்.

தொண்டைமானாற்றில் எங்கள் ஆச்சிரமத்தில் எல்லோருக்கும் ஒரே உலை. தியானம் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் குரு பெரியசாமி மந்திரம் கொடுக்கமாட்டார். ஒருவருக்கு மத்தளம் கொடுப்பார், இன்னொருவருக்குச் சலங்கை. பாடக் குரலும் ஆடக் காலும் வராத எனக்குத் திரை பிடிக்கும் வேலை. கூத்தாடுவதுதான் அங்கே தவம். சாமி சமாதியான பிறகு மத்தளமும் கூத்து மண்டபமும் அவருடைய மாணவி பராசக்தியின் பொறுப்புக்கு வந்தன.

சண்டையால் மின்சாரமும் சீமெந்தும் இல்லாத தொண்ணூற்றிரண்டில், கோயில் தர்மகர்த்தா செல்வரட்ணம் ஓர் ஆமைப்பூட்டோடு வந்தார். மண்டபத்தைப் பூட்டி, மத்தளத்தையும் எடுத்துக்கொண்டு போவதாக முடிவு.

"ஊரிலை பிணம் விழுது. உந்தக் கூத்து என்னத்துக்குப் பிள்ளை?"

"ஆடாட்டி ஐயா, உயிரோடை இருக்கிறவை ஆரெண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள் பராசக்தி. பிறகு மிகவும் பணிவாக, பூசை முடிந்ததும் பூட்டலாம் என்றாள்.

செல்வரட்ணம் பழுத்த சைவர். பூசை முடிவில் பஞ்சபுராணப் பாட்டுகள் படிக்கத் தொடங்கினால், கடைசி வாழ்த்துப் பாட்டு வரும்வரை அசையக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் கைகளைத் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை மூடினார். பராசக்தி படிக்கத் தொடங்கினாள். வாழ்த்தை மட்டும் படிக்கவில்லை.

அவள் களைத்தால் ஆச்சிரமத்து நாகலிங்கம் பிடித்துக்கொண்டான். அவன் களைத்தால் அடுத்தவர். நாங்கள் முறைவைத்துச் சாப்பிட்டோம், தூங்கினோம். பலாலி முகாம் பக்கமிருந்து வந்த ஆமி ஹெலி பாட்டு முடியட்டும் என்று மேலே அப்படியே நின்றது. எண்ணெய் தீர்ந்துதான் திரும்பியிருக்கவேண்டும். தர்மகர்த்தாவின் கூப்பிய கைகளில் அணில் கூடு கட்டிக் குட்டியும் போட்டது. பூசைக்குப் பூசை ஐயர் பூசிய திருநீறு அவர்மேல் ஏறி ஏறி, கொழும்புத்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பம் புதிய சிலை என்று நினைத்துத் தேங்காய் உடைத்தது. பிள்ளைவரம் கேட்டார்கள். கிடைத்தது.

சிலையின் உதடு மட்டும் அசைந்தது. "பிள்ளை, வாழ்த்தைப் படியன்."

பராசக்தி கேட்காதவள்போல அடுத்த பாட்டை எடுத்தாள். அப்போதுதான் அவருடைய வலது கால் தட்டத் தொடங்கியது.

"ஐயா ஆடுறியள்."

"ஆடேல்லை. கால் விறைச்சுப்போச்சு."

"விறைச்ச கால் தாளம் பிசகாமல் விறைக்காது ஐயா."

அவர் காலை ஊன்றிப் பார்த்தார். கால் நிற்கவில்லை.

"சரி, பூட்டமாட்டன். அரச வேஷம் தந்தால் ஆடுறன்."

"அரசனுக்கு ஆள் இருக்கு. கட்டியகாரன்தான் மிச்சம்."

ஆட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்படி அரசனுக்கு முன்னே குதித்து வரும் வேஷம் அது. தர்மகர்த்தா ஓம் என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பராசக்தி வாழ்த்தைப் படித்தாள். அன்று பின்னேரமே ஆட்டம். ஹெலி திரும்பவும் வந்து சுற்றியது, ஒருவரும் எழும்பவில்லை. செல்வரட்ணம் அதைப் பார்த்து இன்னும் உயரக் குதித்தார்.

அந்த மண்டபம் நாலு தூணும் கிடுகுக் கூரையும்தான். அதற்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை.