வாங்கினவன் வூட்டுப் பொங்கல்

அரியலூர் கோர்ட்டில் தீர்த்துவிடும் விவாகரத்து வழக்கு நடக்கும்போதே குழந்தைவேல் பெண்டாட்டி செங்கமலத்திடம் சொல்லிவிட்டான்: “மஞ்சக் கடுதாசி குடுத்துடுவேன். அப்புறம் நீ ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

கடனைக் கட்ட வக்கில்லை என்று கோர்ட்டில் கையை விரிப்பதுதான் மஞ்சக் கடுதாசி. வண்டி மாட்டைக் கடனுக்காகச் செட்டிகுளம் வைரக்கண்ணுவுக்கு விற்றுவிட்டதாக ஒரு சீட்டையும் நீட்டினான். செங்கமலம் தாய்வீட்டு நகை ஆறு பவுனை விற்று வாங்கிய ஜோடி அது. ஆலத்தியூருக்குச் சுண்ணாம்புக்கல் இழுத்தே அவன் வயிற்றை நிரப்பிய ஜோடி. அதுவும் போனால் அவளுக்கு மிச்சம் தாலிக்கயிறுதான்; அது எப்படியும் போகப்போகிறது.

சீட்டை அவள் நம்பவில்லை. மாட்டுப் பொங்கலன்று வக்கீல் குமாஸ்தா அழகேசனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகிற ஊரைப் பெரம்பலூரில் பஸ் மாறும்போதுதான் சொன்னாள்.

“என் மேலயும் சந்தேகமாம்மா?”

“கட்டினவனையே நம்ப முடியல. நீங்க நேத்து வந்தவங்க சார்.”

மாட்டுப் பொங்கலன்று சொந்தக்காரன் கையால் புதுக்கயிறு ஏறாத மாடு அந்த வருஷம் தங்காது என்பார்கள். குழந்தைவேல் பெண்டாட்டியை விட்டாலும் அந்தக் கயிற்றை விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

நினைத்தது சரிதான். வைரக்கண்ணு வேலியோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கொட்டகைக்குள், கையெல்லாம் கொம்புக்கு அடித்த சிவப்புப் பெயின்டோடு, ஜோடியில் ஒன்றான செவலைக் காளைக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தவன் குழந்தைவேல்.

அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது. பல்லைக் காட்டிச் சமாளித்தான். “வந்தது வந்துட்ட, ஒரு வாய் பொங்கல் தின்னுட்டுப் போ.”

“திங்கிறேன். இது வித்தவன் வூட்டுப் பொங்கலா, வாங்கினவன் வூட்டுப் பொங்கலா? அத மொதல்ல சொல்லு.”

“பழகின மாடு… ஆசைக்கு வந்தேன்.”

“அப்ப அந்தச் செவலைக்கு வைரக்கண்ணு அண்ணன் கயிறு மாத்தட்டும், பாப்போம்.”

வைரக்கண்ணு இரண்டு எட்டு வைத்தான். செவலை கொம்பைத் தாழ்த்திச் சீறியது. வேலிக்கே திரும்பிவிட்டான்.

அழகேசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோர்ட் தொறந்ததும் மாடு கைமாறக் கூடாதுன்னு மனு போட்டுடலாம்மா,” என்று கண்டதை அங்கேயே எழுதினார்.

செங்கமலம் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை உடனே கொடுக்கவில்லை. தாளின் அடியில் மிச்சமிருந்த காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.