இரவல் ஸ்டைல் ஷீட்

கிளாராவின் கையில் கலை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சென்டரில் யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு ரூபிக்குச் சோறு இறங்காது.

2004. பேகம்பூர் நூர் அகமது பாய் தன் தோல் கம்பெனிக்கு வெப்சைட் போட ஒரே ஒரு ஆள் தேடினார். திங்கட்கிழமை ரூபியும் கிளாராவும் ஆளுக்கொரு மாதிரிப் பக்கம் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவர வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் ரூபிக்கு வடமதுரை உரக்கடை மாப்பிள்ளைதான். வீட்டில் தட்டே மாற்றத் தயார்.

இருவருக்கும் வாத்தியார் ஒன்றுதான்: பிரௌசிங் சென்டரில் திறக்கும் ஒரு வெளிநாட்டுத் தளம், இலவசப் பாடம். ரூபி பத்துப் பாடத்தையும் நோட்டில் எழுதியவள். கிளாரா பாடத்தின் பாதியிலேயே எழுந்துவிடுவாள்; கண்ணில் பட்டதை அப்படியே பார்த்துச் செய்கிறவள்.

சனிக்கிழமை பிரௌசிங் சென்டரில் கிளாரா தன் பக்கத்தைத் திறந்தாள். "ஏ ரூபி, எப்படிடி இருக்கு?"

நகைக்கடைச் சன்னல்போல இருந்தது. ரூபி அதன் பின்னாலிருக்கும் கோடிங்கை எட்டிப் பார்த்தாள். நிறமும் எழுத்தும் சொல்லும் ஸ்டைல் ஷீட் ஃப்ளாப்பியிலேயே இல்லை. பாடத் தளத்திலிருக்கும் ஷீட்டின் முகவரியை அப்படியே கொடுத்திருந்தாள். நெட் இருந்தால் அலங்காரம், இல்லாவிட்டால் மொட்டை. பாய் ஆபீசில் நெட் கிடையாது. முந்தாநாளே தண்ணீர் கேட்கிற சாக்கில் போய் நோட்டம் விட்டவளுக்குத் தெரியாதா?

"அள்ளுதுடி! ஒண்ணையும் தொடாத. அப்படியே கொண்டு வா."

திங்கட்கிழமை வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து வரிசையாக வந்து நின்றது.

"என்னம்மா இது, கரண்டு பில்லாட்டம்?" என்றார் பாய்.

"சென்டர்ல நல்லா வந்துச்சு பாய். ரூபி பாத்தா, கேளுங்க."

"நானா?" என்றாள் ரூபி. "என் வேலையப் பாக்கவே எனக்கு நேரமில்ல பாய்."

ரூபியின் பக்கம் முழுக்க மாரியம்மன் கோயில் மஞ்சள். ஆனால் ஷீட் ஃப்ளாப்பியிலேயே இருந்தது.

"கண்ணு கூசுது. இருந்தாலும் இதுல ஏதோ இருக்கு. நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா."

படியில் கிளாரா அழுதுகொண்டு நின்றாள். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பத்தாம் பாடத்துல போட்டிருக்குடி, ஷீட்ட நம்மகிட்டயே வச்சுக்கணும்னு. செத்த நேரம் ஒக்காந்து படிச்சிருக்கலாம்ல?" என்று தன் கைக்குட்டையையும் நீட்டினாள் அந்த மகராசி.

அங்கிருந்து நேரே பிரௌசிங் சென்டர். கிளாரா தன் பக்கத்தில் கொடுத்திருந்த முகவரி ரூபிக்கு மனப்பாடம். அந்த ஷீட்டை இறக்கித் தன் ஃப்ளாப்பியில் மஞ்சளுக்குப் பதிலாகப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பாய் சொன்னார்: "இப்பத்தாம்மா லட்சணமா இருக்கு. அந்தப் பிள்ளையும் ஒன்னயப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கலாம்."

"எம்புட்டோ சொன்னேன் பாய்," என்றாள் ரூபி.