வால்வுக் கிடாயின் துலுக்கு

மாட்டு இதயத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வை வெட்டி, வால்வாகத் தைத்து, ஆட்டின் நெஞ்சுக்குள் வைத்து, மனுஷனுக்கு ஆகுமா என்று பார்க்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஆடு பார்க்கும் வேலைக்கு வந்தபோது, இவர்களுக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கிறுக்கு எனக்கே பிடித்துவிட்டது. கிடாய் புல் மென்றால்கூட, உள்ளே அந்த வால்வு எப்படித் திறந்து மூடுகிறதோ என்று யோசனை ஓடும்.

டாக்டர் சுதீப் கல்பாத்திக்காரர், முட்டைகூடத் தொடாதவர். "இளம் ஆட்டுல வால்வுமேல சீக்கிரமா சுண்ணாம்பு படியும் அக்கா. இதுல படியலைன்னா மனுஷாளுக்கும் உழைக்கும்னு நம்பலாம்" என்பார். கெடு முடிந்ததும் கிடாயை மயக்கிக் கொன்று, வால்வை எடுத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

கெடு முடிந்த அன்று காலையில் நான் சொம்புத் தண்ணீரோடு நின்றேன். எங்கள் கோயிலில் வெட்டும் முன் ஆட்டின்மேல் தண்ணீர் தெளித்துக் கேட்போம். உடம்பை உதறித் துலுக்கினால்தான் சம்மதம்.

"துலுக்காம எப்படீங்க உடறது? நான் வளத்துன கிடாயிங்க!"

டாக்டர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

தெளித்தேன். அசையவில்லை. மறுபடி தெளித்தேன். என் முந்தானையை மென்றது.

"துலுக்கலைன்னா?"

"கேட்டுட்டே இருக்கோணுங்க."

அவர் யோசித்தார். "இன்னும் ஆறு மாசம் உள்ளே இருந்தா வால்வு என்ன ஆறதுன்னும் பாக்கலாமே! நம்ம டைரக்டர் பெரியவர்கிட்டே கேட்டுண்டு வரேன்." போனோடு வெளியே போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பொழச்சுட்டடா ராசா!" என்று கட்டிக்கொண்டேன். காதெல்லாம் ஈரம். சளி பிடிக்குமே என்று முந்தானையால் துடைத்தேன்.

கிடாய் தலைமுதல் வால்வரை ஒரே உதறாக உதறியது.

பாவி, இதற்கா காத்திருந்தாய்! பார்த்தது நான் ஒருத்திதான்.

டாக்டர் திரும்பி வந்தார். "பெரியவர் அரைமனசா சரின்னுட்டார். இன்னும் துலுக்கலைதானே அக்கா?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கேட்டவள் நான். அது பதில் சொல்லிவிட்டதே.

"துலுக்கீருச்சுங்க."

மத்தியானம் டாக்டர் வால்வை எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார். ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. "தொட்டுப் பாருங்கோ" என்றார்.

கையுறை மாட்டி, விரலால் மெல்லத் தள்ளினேன். திறந்தது. விட்டேன். மூடிக்கொண்டது. இத்தனை மாசமாக நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.