பத்துக்குப் பத்து

வெள்ளத்துரையின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபோது உள்ளே நாதஸ்வரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மகாராஜன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். வாயை மூடிக் கட்டும் நாடிக்கட்டுக்காக வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், முதலில் அந்தப் பாட்டை அமர்த்தச் சொன்னார். மேசையில் பாட்டுக் கருவிப் பெட்டிகள் மூன்று இருந்தன, மூன்றிலும் விளக்கு எரிந்தது. மூன்றாவது பெட்டி ஒன்றுக்கும் உதவாது என்று அத்தான் வெள்ளத்துரையோடு ஒரு மாதமாகச் சண்டை போட்டு வந்தவர் மகாராஜன். மற்ற இரண்டையும் அணைத்துப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. மூன்றாவதை அணைத்தார், நின்றது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அவர் மனசுக்குள் கிடந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல அன்றும் காலை எட்டு மணிக்கு அவர் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அத்தான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஹெட்போன் பின்பக்கம் திறந்த வகை, வெளியில் பேசுவதெல்லாம் கேட்கும். எதிரில் அமர்ந்த மகாராஜன், வெள்ளிக் கம்பிக்கும் செம்புக் கம்பிக்கும் சத்தத்தில் வித்தியாசமே கிடையாது என்று ஒரு கட்டுரையைப் போனில் வைத்துக் கால் மணி நேரம் வாசித்துக் காட்டினார். வழக்கமாக அத்தான் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி இல்லை என்று ஆட்டுவார். அன்று விரல் அசையவில்லை. மகாராஜனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுக்களைக்குப் போய், அத்தானுக்கு இன்றைக்குப் பதில் சொல்ல வாயில்லை என்று அக்காவிடம் பெருமை அடித்துவிட்டு இரண்டாவது டீ கேட்டார். வெள்ளத்துரைக்கு டீ கொண்டுபோன அக்கா முருகம்மாள்தான் டம்ளரைக் கீழே போட்டாள்.

உயிர் ஏழு மணிவாக்கிலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். மகாராஜன் கட்டுரை வாசித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளத்துரை வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். அவருக்குச் சத்தம் வந்தது. புது ஹெட்போன் இருநூறு மணி நேரம் பாடிப் பழகினால்தான் குரல் திறக்கும் என்று அதை அரிசி டிரம்முக்குள் போட்டு எட்டு நாள் ஓடவிட்டார். முருகம்மாள் உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் உள்ளே யாரோ கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். பிரிட்ஜ் ஓடினால் வீணையின் நரம்பில் தூசி படிகிறது என்று அதை அணைக்கச் சொல்வார். பால் திரிந்துபோகும். ஊர் விசைத்தறிகள் ஓடும்போது கரண்ட் அழுக்காகிவிடுகிறது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை தறிகள் நிற்கும், அன்றைக்குக் கரண்ட் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் என்பார். கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் பதினேழு நாள் வேலையை நிறுத்தியபோது சங்கரன்கோவிலே சோர்ந்து கிடந்தது, அவர் மட்டும் முகம் மலர்ந்து திரிந்தார். அந்தச் சந்தோஷம் உறுத்தியதோ என்னவோ, தினமும் போராட்டப் பந்தலுக்கு ஒரு கேன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மகாராஜன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், சோதனை வைத்துப் பார்த்துவிடுவோம் என்று நேரடியாகவே கேட்டார். அத்தானும் சம்மதித்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் ரிபாயி நடுவர். அவரும் அத்தானைப் போலவே சத்தப் பைத்தியம், ஆனால் நாணயமான மனிதர்.

அத்தானுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் ரிபாயி காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் வெள்ளி வயர், பூ விழுந்தால் பஜாரில் வாங்கிய சாதா வயர். காசு எப்படி விழுந்தாலும் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவார் மகாராஜன், சொருகும் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கரண்ட் அழுக்கு என்று நாளைக்குச் சாக்குச் சொல்லக் கூடாது என்பதற்காக, வீட்டு மெயினை அவரே அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓடும் பெட்டியை வைத்தார். அந்த வெக்கையில் அக்கா பனையோலை விசிறியை எடுத்து வந்து அத்தானுக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

பத்துத் தடவை மாற்றினார். பத்துத் தடவையும் அத்தான் சரியாகச் சொன்னார்.

குருட்டாம்போக்கில் அப்படி நடக்க ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்பது மகாராஜனுக்குத் தெரியும். வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்கு. தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தான் அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டார். அதன்பிறகும் மகாராஜன் கட்டுரைகளைத் தேடுவதை விடவில்லை.

மதியத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வெள்ளத்துரையின் மகள் யோகலட்சுமி வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு காது சோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கொல்லைப்புறம் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மகாராஜனும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் பந்தலில் ரிபாயியின் குரல் கேட்டது. இந்த வட்டாரத்திலேயே அப்படி ஒரு காது கிடையாது என்று யாருக்கோ விவரித்துக்கொண்டிருந்தார்.

யோகலட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மாமா, அப்பாவுக்குக் குக்கர் விசிலே கேக்காது, தெரியுமா?"

ஐந்து வருஷத்துக்கு முன் அவளே அவரை அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்திருக்கிறாள். வரைபடத்தில் கோடு பாதி வழியிலேயே கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிட்டதாம். கீச்சென்ற மேல்சத்தம் ஒன்றுமே அவருக்கு எட்டவில்லை. வயசுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் வரைபடத்தின் நகல் கேட்டதற்கு, பிரிண்டர் ரிப்பேர் என்று சொன்னாளாம்.

மகாராஜனுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. நல்ல காதுக்கே முடியாத காரியம். கேட்காத காது பத்துக்குப் பத்து எப்படிச் சொன்னது? காசு, போர்வை, பேட்டரி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். இழவு வீட்டில் இப்படி ஓடுகிற புத்தியை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓடியது.

நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பச் சொல்லி வெளியே குரல் கொடுத்தார்கள். உள்ளறையில் முருகம்மாள் பீரோவைத் திறந்து புருஷனுக்கு உடுத்த வேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மகாராஜன் உள்ளே போய்க் கதவோரம் நின்றார்.

"யக்கா, அன்னைக்கு வயர் சோதனையில நீயும் அங்கனதான நின்ன. அத்தான் எப்படிக்கா கண்டுபுடிச்சாரு?"

முருகம்மாள் திரும்பிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். "இப்பக் கேக்குத கேள்வியாலே இது?"

அவர் நகரவில்லை. அவள் வேட்டியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"வெள்ளி வயருன்னா வலது கன்னத்துல விசுறுனேன். மத்ததுன்னா இடது கன்னத்துல."

அக்கா நின்ற இடத்திலிருந்து திரையின் இரண்டு பக்கமும் தெரியும். விசிறியவளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சிருந்தீங்களா?"

"என்னத்தப் பேச. மொத தடவ தப்பாச் சொல்ல வாயத் தொறந்தாரு. விசிறியால லேசாத் தட்டுனேன். மாத்திச் சொன்னாரு, நீ சரின்ன. பொறவு அவரே புடிச்சுக்கிட்டாரு."

"பொறவு அதப் பத்தி ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கல." வேட்டியின் கரையை விரலால் நீவினாள். "மறுநாத் தொட்டு பிரிட்ஜ அணைக்கச் சொல்லல. அவ்வளவுதான்."

ஏன் செய்தாள் என்று அவர் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "நீ தோத்தா ரெண்டு நா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, மூணாம் நா சாப்பிட வந்திருவ. அவரு தோத்தா எங்கலே போவாரு?"

வேட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். போன கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மறுபடி ஓங்கி எழுந்தது.

மகாராஜன் வேட்டியைக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு வந்தார். ரிபாயிக்கு அருகில் வாசுதேவநல்லூர் இரும்புக் கடைக்காரர் பெத்துராஜ் உட்கார்ந்திருந்தார். அத்தானும் ரிபாயியும் இருந்த சத்தப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவைச் சேர்ந்தவர்தான், ஆனால் எதையும் லேசில் நம்பாதவர். ரிபாயி சொன்ன கதை அவருக்கு இறங்கவில்லை. இறந்துபோனவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம் என்ற பீடிகையோடு மகாராஜனைக் கேட்டார்.

"நீங்க விஞ்ஞானம் படிச்சவுக. பத்துக்குப் பத்துங்கது நம்புத மாதிரியா இருக்கு?"

ரிபாயி மகாராஜனையே பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. உள்ளே பிணத்துக்குக் கோடி போர்த்திக்கொண்டிருந்தார்கள். மகாராஜன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாந்தான் வயர மாத்துனேன். பத்துக்குப் பத்து."

"ஏதாவது ஓட்டை விட்டிருப்பிய சார். நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எனக்கும் அவருக்கும் நடுவுல காத்தத் தவிர வேற எதுவும் இல்ல."

பெத்துராஜ், வாத்தியாரே சொன்ன பிறகு என்ன இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார். ரிபாயி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹெட்போனையும் கூடவே வைத்து அனுப்பலாமா என்று ரிபாயி கேட்டார். எரிந்தால் நாறும் என்று முருகம்மாள் தடுத்துவிட்டாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். யோகலட்சுமியின் புருஷன் கண்ணன் கொள்ளி வைத்தான். மகாராஜன் கடைசிவரை முன்னால் நின்றார்.

சுடுகாட்டை ஒட்டிய தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வரிசையாகப் போய்த் தலையைக் கொடுத்தார்கள். மகாராஜன் குழாய்க்கு நேரே குனிந்து மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் நின்றார். நிமிர்ந்தபோது இரண்டு காதிலும் தண்ணீர் ஏறியிருந்தது. எதிரில் நின்று ரிபாயி ஏதோ சொன்னார், வாய் மட்டும் அசைந்தது. அவர் கிட்டத்தில் வந்து குரலை உயர்த்தினார்.

"தலையச் சாய்ச்சு, ஒத்தக்கால்ல குதிங்க சார். வந்திரும்."

மகாராஜன் சரி என்று தலையசைத்தார். குதிக்கவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். மற்றவர்கள் ஓரமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் தனியாக நடுரோட்டில் நடந்தார். பின்னால் ராஜபாளையம் பஸ் வந்தது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மகாராஜன் அதே நிதானத்தில் நடந்துகொண்டிருந்தார். ரிபாயி ஓடிவந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.