பென்சில் கோடுகள்

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்ததில் கலகெதர ஊர் உதுமானுக்கு வலத்தோள் இறுகிப்போயிருந்தது. சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்ற வேண்டும், எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தெரபி மிஸ் சொல்லி அனுப்பினாள்.

“செவரத் தடவினா தோள் சொகமாகுமாமா? ஆர ஏமாத்தப் பாக்குறா?” என்றார் உதுமான்.

மனைவி பஸீஹா விடவில்லை. “செய்ங்க. நான் மவுத்தானா கபுருக் குழிக்குள்ள எறங்கி என்னய ஏந்துறது நீங்கதான்.”

“நீ என்னய அனுப்பிட்டுத்தான் போவாய், பயப்படாத.”

அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல், நல்ல இடக்கையால் கோடுகளை மட்டும் நாளுக்கு நாள் உயர்த்திப் போட்டு வந்தார். கோடு தலையைத் தாண்டிய அன்று பஸீஹா சந்தோஷத்தில் வட்டிலப்பம் அவித்தாள். மனிதர் கூசாமல் தின்றார்.

அடுத்த கிழமை அவள் மாரடைப்பில் மவுத்தானாள்.

மையவாடியில் மருமகன் ஆகிப், “எறங்குங்க மாமா, கைதான் சொகமாச்சே,” என்றான். உதுமான் குழிக்குள் இறங்கினார். மேலிருந்து அவளை வெள்ளைத் துணியோடு நீட்டினார்கள். இடக்கை எழுந்தது. வலக்கை நெஞ்சோடு நின்றுவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தார், எழவேயில்லை.

“வெலகுங்க மாமா, மாமி நழுவுறாங்க!” ஆகிப் குதித்துத் தன் கைகளில் அவளை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் உதுமான் சுவரருகே போனார். முதன்முறையாக வலக்கை விரல்களை ஏற்றினார். அவை நின்றுபோன இடத்தில், மார்பு மட்டத்தில், ஒரு கோடு போட்டார். பஸீஹா பார்த்து மகிழ்ந்த கோடுகளெல்லாம் அதற்கு மேலே இருந்தன.