மேசைக்கு அடியில்

லாரி பட்டறையில் வேலை செய்யும் அவனை வீட்டில் எல்லோரும் தடியன் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கை அதைவிட வேகம். பட்டறையில் ஒருவன் தாடையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவன். திரும்பி வந்த அன்று அவன் மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவள் மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடுபவள். "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சீங்கன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்." அன்றிலிருந்து அவன் கையைக் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தான்.

அவன் தங்கையைக் கட்டியவர் நேரெதிர். செல்போன் கடை வைத்திருந்தார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் தெருமுனை ஓட்டலுக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைப்பார். அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார், மீனில் முள் எடுத்துத் தருவார். "மாப்பிள்ளைன்னா இவர்தான்" என்று அம்மா தான் வேலை பார்க்கும் தையல் கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் சுவரோரம் இருந்த பெரிய மேசைதான் கிடைத்தது. சுவர்ப் பக்கத்துப் பெஞ்சில் மாப்பிள்ளையும் தங்கையும். எதிரே அம்மா, தடியன், அவன் மனைவி. மேசை விரிப்பு முழங்கால் வரை தொங்கியது. பரிமாறுபவர் இரும்புத் தட்டில் இறைச்சியைப் புகையப் புகையக் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சான் பக்கத்துல கத்தி இருக்கு. யாராவது தள்ளி வைங்கப்பா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார் மாப்பிள்ளை.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தடியனும் பல்லைக் காட்டி வைத்தான். ஒவ்வொரு தடவையும் இதுபோல ஏதாவது ஒன்று வரும். சூப்போடு சேர்த்து அதையும் விழுங்கப் பழகியிருந்தான்.

தங்கைக்கு அன்று கொஞ்சம் உற்சாகம். "அண்ணி, ஒரு கதை கேளுங்க. போன வாரம் இவரு குளியலறையில கரப்பான்பூச்சியைப் பாத்துட்டு, இடுப்புத் துண்டோட வாசலுக்கே ஓடி வந்துட்டாரு. எதிர்வீட்டு அக்கா பாத்துட்டு..."

அங்கேயே நின்றுவிட்டாள். உதடு வெளுத்துப் போனது.

"பாத்துட்டு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. விடுங்க. சும்மா சொன்னேன்."

"சொல்லும்மா, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே.

தடியன் மடியிலிருந்து கைத்துடைப்பான் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தான். மேசைக்கு அடியில் மாப்பிள்ளையின் இடது கை தங்கையின் தொடைமேல் இருந்தது. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்து, கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பப் போனான். அப்போதுதான் அந்தக் கையில் முள்கரண்டி இருப்பதைப் பார்த்தான். அதன் பற்கள் துணியைத் துளைத்து உள்ளே இறங்கியிருந்தன. சுற்றிலும் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. கை அவசரமில்லாமல், திருகாணியை முறுக்குவதுபோல, கரண்டியைத் திருகியது.

தங்கை அந்தக் கையைத் தள்ளவில்லை. அவளுடைய விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவ்வளவுதான்.

மேலே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "அத்தைக்கு இன்னொரு சூப் கொண்டாங்க. மிளகு கம்மியா."

தடியன் நிமிர்ந்தான். மேசைக்குக் குறுக்கே பாய்ந்து விரிப்புக்குள் கையை விட்டு, அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியோடு மேலே இழுத்தான். தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. கரண்டியின் நுனியிலிருந்து வெள்ளை விரிப்பில் ரத்தம் சொட்டியது.

"இது என்னடா? என்ன இது?"

"பாருங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை, குரல் துளியும் மாறாமல். "நான் வாயே திறக்கல. உங்க மகன் ஆரம்பிச்சுட்டாரு."

அம்மா எழுந்து மகனின் முதுகில் ஓங்கிக் குத்தினாள். "விடுடா! எல்லாரும் பாக்குறாங்க. வெளிய வந்தும் உன் புத்தி போகாதா? மானத்தை வாங்காதடா!"

"அம்மா, ரத்தத்தைப் பாரும்மா!"

"இறைச்சிச் சாறா இருக்கும் அத்தை" என்ற மாப்பிள்ளை பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நான் உன்னை ஏதாவது பண்ணேனா?"

தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல."

தடியனின் பிடி தளர்ந்தது. "விடுங்க, உக்காருங்க. நான் அவளைத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பாக்குறேன்" என்றாள் மனைவி. அவன் கையை விட்டான். உட்காரவும் போனான். மாப்பிள்ளை சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டு, தங்கையின் காதோரம் சாய்ந்து, மெல்லச் சொன்னார். "வீட்டுக்கு வா."

அந்த இரண்டு வார்த்தை தடியன் காதிலும் விழுந்தது.

அவன் கை போனதை அவனே அறியவில்லை. முதல் அடி மூக்கில் விழுந்தது. மாப்பிள்ளையின் பின்மண்டை சுவரில் மோதித் திரும்பியது. அந்த வேகத்திலேயே அவர் கரண்டியை ஓங்கித் தடியனின் இடது புறங்கையில் இறக்கினார். அது உள்ளங்கை வரை போனது. தடியன் அலறிக்கொண்டே மேசையைப் புரட்டினான். சூப்பும் மீனும் கண்ணாடியும் தரையில் சிதறின. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து கதவுக்கு ஓடினார்கள். "வெளிய போய் அடிச்சுக்குங்கய்யா, பிள்ளைங்க இருக்காங்க!" என்று ஓட்டல் முதலாளி கத்தினார். யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளை ஒன்றும் சளைத்தவர் இல்லை. உடைந்த குவளையால் தடியனின் கன்னத்தைக் கிழித்தார். தடியன் அவரைத் தூக்கி, குளிர்பான அலமாரிமேல் அடித்தான். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கீழே விழுந்தவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்த ஆரம்பித்தான். பல் உடைந்தது. கன்ன எலும்பு கைமுட்டிக்கு அடியில் இடம் மாறுவது தெரிந்தது. இத்தனை நாள் கத்தி ஜோக்குகளுக்கும், அம்மாவின் சிரிப்புக்கும், விழுங்கிய எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்தினான். "போதும்ங்க, செத்துடுவான்!" என்று மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. நிறுத்த மனமில்லை. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் கிடைத்ததுபோல இருந்தது.

ஓங்கிய வலது கை கீழே இறங்குமுன் அதில் எதுவோ வந்து மோதியது. எலும்பு முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. திரும்பினான். தங்கை நின்றாள். விரிப்பைச் சுருட்டிப் பிடித்த கைகளில் அந்த இரும்புத் தட்டு.

தரையில் கிடந்தவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "அப்படிப் போடு... என் பொண்டாட்டிடா அவ..." என்று குழறியபடி அவளுடைய கணுக்காலைப் பிடித்தார். அவள் குனிந்து அந்தக் கைமேல் தட்டை இறக்கினாள். ஒருமுறை இல்லை. பிடித்த விரல்கள் விடும் வரை.

பிறகு தட்டைக் கீழே போட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"என்னை ஏன்..." என்றான் தடியன்.

"வீட்டுல இவரு முகத்துல தினம் பாக்குறது இன்னிக்கு உன் முகத்துல இருந்துச்சுண்ணே. உனக்கும் ருசிச்சுது. எனக்காக அடிச்சேன்னு சொல்லாத."

போலீஸ் வருவதற்குள் அண்ணி அவளைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு அழைத்துப் போனாள். அம்மாவும் கூடவே போனாள். வெங்காய மூட்டைமேல் உட்கார வைத்து, துணியை விலக்கினார்கள். தொடை முழுக்கப் புள்ளிகள். சில புதிது, சில காய்ந்தது, சில தழும்பாகவே ஆகிவிட்டது. எல்லாம் வரிசை வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல.

காயம் பார்த்துப் பழகிய அண்ணியே எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

"எப்ப இருந்துடி?" என்றாள் அம்மா.

"இங்க சாப்பிட வர ஆரம்பிச்சதுல இருந்து. உங்க முன்னாடி பண்ணாத்தான் அவருக்குப் பிடிக்கும்மா. நீங்க சிரிச்சிட்டிருக்கும்போது."

அம்மா எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய், அன்று சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்காமலே கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். குறுக்கே நின்று அவருடைய முகத்தில் செருப்பால் அடித்தாள். காவலர் ஒருவர் பிடித்து இழுக்கும் வரை அடித்தாள். பிறகு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கு நடந்தது. தங்கை நீதிமன்றத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தொடைக் காயங்களுக்கு மருத்துவரும் சாட்சி சொன்னார். மாப்பிள்ளை சிறைக்குப் போனார். தடியனும் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். முறிந்த கை எலும்பு கோணலாக ஒட்டியதால், பெரிய திருகாணிகளை இப்போது இன்னொருவர்தான் கழற்றித் தர வேண்டியிருக்கிறது. மனைவி வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் வந்து உட்கார அவளுக்கு வெகுநாள் பிடித்தது.

ஒரு நாள் கேட்டான். "அன்னிக்கு நான் நிஜமாவே அப்படியா இருந்தேன்?"

"நான் எத்தனை தடவை காலரைப் பிடிச்சு இழுத்தேன் தெரியுமா? ஆமாங்க. அப்படித்தான் இருந்தீங்க."

தங்கை அம்மா வீட்டுக்கும் போகவில்லை, அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை. துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்து, அதற்கு மேலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அம்மா வாரா வாரம் போய், அவள் வேலை முடியும் வரை படியில் உட்கார்ந்திருப்பாள். தடியனும் ஒரு நாள் போனான். கதவைத் தட்டிவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி, கைகள் தெரியும்படி நின்றான்.

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. தங்கை அவனுடைய முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேணாம்ணே" என்றாள். "அடுத்த வாரம் வா."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அடுத்த வாரமும் போனான்.