பூட்டாத ஊர்

கனடாவில் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய பத்து ஊர்கள் என்று டெரிக் ஹாலோவே ஒரு கட்டுரை எழுதினான். மலை, அருவி, கடற்கரை என்று மேற்கிலிருந்து கிழக்குவரை அளந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் சர்ச்சில் ஊரைத் தூக்கி உட்காரவைத்திருந்தான். 'இங்கே யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. மனிதர்கள்மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கும் வெள்ளந்தி மக்கள்' என்று ஒரு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளந்தியும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. விரிகுடா உறைந்து, அதன்மேல் நடந்து வேட்டைக்குப் போக முடிகிறவரை பனிக்கரடிகள் கரையில் பசியோடு காத்துக் கிடக்கும். தெருவுக்குள்ளும் வரும். வந்தால், பக்கத்தில் நிற்கிற வண்டி எவனுடையதாக இருந்தாலும் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் பூட்டுவதில்லை. என்னை விட்டுவிட்டுப் போன மனுஷனின் வண்டியில் நானே ஒருமுறை ஏறி உட்கார்ந்து, கரடி நகர்கிறவரை அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். கதவு திறந்திருப்பதற்கும் மனசுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதையெல்லாம் டெரிக்குக்கு நான்தான் சொன்னேன். ஊரில் டாக்சி ஓட்டுகிறவள் நான். முதல் தடவை வந்தபோது என் வண்டியில்தான் சுற்றினான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எழுதும்போது கரடியை விட்டுவிட்டான், கதவை மட்டும் வைத்துக்கொண்டான். காரணத்தை எழுதினால் வருகிற கூட்டம் பயந்துவிடுமாம்.

கூட்டம் வந்தது. மறு வருடம் டெரிக்கே ஒரு சுற்றுலாக் கம்பெனி தொடங்கி, நாலைந்து வெள்ளை வேன்களை ரயிலேற்றிக் கொண்டுவந்து இறக்கினான். படம் எடுக்க நடீன் என்று ஒருத்தி கூட வந்தாள். கம்பெனியில் அவளும் பங்காளி. வேன்களில் விலையுயர்ந்த கேமராக்கள். நிறுத்தின இடத்தில் எல்லாம் பூட்டினான். எங்கள் ஊரின் திறந்த கதவை ஊர் உலகத்துக்கெல்லாம் விற்ற ஆள், தன் கதவைப் பூட்டினான்.

என் தங்கை வெர்னா ஹோட்டலில் சமையல் வேலை. அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் வேலை முடிந்து நடந்து வந்தவளுக்கு, தேவாலயத்துப் பின்பக்கமிருந்து கரடி எதிரே வந்தது. வலது பக்கம் ஊர்ப் பெரியவர் ஹெக்டரின் வீடு, இடது பக்கம் ஒரு வெள்ளை வேன். வேன்தான் கிட்டே இருந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். வெளியூர்க்காரி என்றால் அந்த நேரத்தில் ஹெக்டர் வீட்டுக்கு ஓடியிருப்பாள். இவளோ பனியில் கதவு இறுகிவிட்டது என்று நினைத்து இழுத்துக்கொண்டே நின்றாள். பூட்டியிருக்கும் என்று அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

கரடி கையைக் கவ்வியதும் அவள் போட்ட சத்தம் கேட்டு ஹெக்டர் வந்து வெடி போட்டு விரட்டியதால் உயிர் தப்பியது. வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டெரிக் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தான். பூட்டாவிட்டால் காப்பீடு செல்லாது, சட்டப்படி தன்மேல் தப்பில்லை என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஹெக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால், இனிமேல் என் வண்டியையும் பூட்டப் போகிறேன், எவன் செத்தால் எனக்கென்ன என்று கத்திவிட்டு வந்தேன்.

அது யார் மூலமாகவோ வெர்னா காதுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, பூட்டாத."

"கையே போச்சு. இன்னும் என்னடி உனக்கு?"

"கை போனது எனக்கு. நீ பூட்டினா, என்னாலதான் ஊரு பூட்ட ஆரம்பிச்சுதுன்னு ஆயிடும். அதை என் தலையில கட்டாத."

போனை வைத்தேன்.

டெரிக்கும் நடீனும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்கு என் டாக்சியைத்தான் கூப்பிட்டார்கள். வேறு டாக்சி இல்லை. அவன் முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால். வழியில் பாறைக் கரையோரம் நிறுத்தச் சொன்னான். வேன்களை அடுத்த ஊருக்கு ரயிலேற்றியாகிவிட்டது, போவதற்கு முன் கடைசியாக ஒரு படம் வேண்டுமாம். பாறைச் சந்தில் கரடி படுத்திருக்கும், இறங்காதே என்றேன். ரெண்டு நிமிஷம்தான் என்று இறங்கிவிட்டான். நடீனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர்களுக்குப் பின்னால் பாறையோடு பாறையாகக் கிடந்தது எழுந்து நின்றது. ஹாரனை அழுத்தினேன். இருவரும் திரும்பிப் பார்த்து ஓடிவந்தார்கள்.

என் வண்டி பழையது. ஓட்டுகிறவர் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்தும் திறக்க வராது. முன் இருக்கைகளுக்கு நடுவிலும் அதே பொத்தான் ஒன்று உண்டு. என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அவனும் இழுத்துப் பார்க்கட்டும், என்ன பாடு என்று தெரியட்டும் என்றுதான் இருந்தது. வெர்னா சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாழாய்ப்போன விரலை எடுத்தேன்.

டெரிக் முதலில் வந்து ஏறினான். கதவைச் சாத்தினான். சாத்திய கையோடு நடுவில் இருந்த பொத்தானை அமுக்கினான். எல்லாக் கதவுப் பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன.

நடீன் பின்கதவை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்துவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். வெர்னாவின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் கையைத் தட்டிவிட்டுப் பூட்டை எடுத்தேன். அவள் கதவைத் திறந்து பின் இருக்கையில் குப்புற விழுந்தாள். கதவு சாத்தாமலே வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். கரடி கொஞ்ச தூரம் வந்து, ஹாரன் சத்தத்தில் நின்றுவிட்டது.

நடீன் எழுந்து உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் வெளியில இருந்தேன். உனக்குத் தெரியும்தானே, டெரிக்?"

"கை தானா போயிடுச்சு. பழக்கம்."



விமான நிலையத்தில் நிறுத்தினேன். நடீன் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, அவனுக்காக நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அப்போது நான் என் பக்கத்துப் பொத்தானை அமுக்கி, நடுவில் இருந்ததைக் கையால் மூடிக்கொண்டேன்.

டெரிக் கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். என்னைப் பார்த்தான்.

"இழு," என்றேன்.

"லோரெட்டா, ப்ளீஸ். கதவத் திறங்க."

"பனியில இறுகியிருக்கும். இன்னொரு தடவை இழு."

இழுத்தான்.  எனக்கு மனசு ஆறவில்லை. ஆறும் என்று நினைத்துத்தான் பூட்டினேன், ஒரு மண்ணும் ஆறவில்லை. பூட்டை எடுத்தேன். அவன் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போனான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வெர்னாவுக்குப் போன் போட உள்ளே போனேன். வண்டியைப் பூட்டவில்லை.